காபிப்பொடி பாக்கெட்டில் இல்லாத தேதி

"கொட்டையை மாத்திட்டீங்களா? போன மாசம் இருந்த வாசம் இப்போ இல்லையே" என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் நுழைபவர்கள் உண்டு. காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்பது என் தொழில். இந்தக் கேள்வி வந்தால் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். காபி தோட்டத்தில் விளைகிற பொருள். மழை தவறினாலும், களத்தில் காய்கிற வாரத்தில் மேகம் மூடினாலும் ருசி மாறும். வருடம் முழுக்க, எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் மாறாமல் இருக்கிற காபியைப் பார்த்துத்தான் அது எப்படி என்று கேட்கவேண்டும்.

எப்படி என்றால், பெரும்பாலும் இரண்டு வேலைகளால். பல ஊர்க் கொட்டைகளைக் கலந்துவிடுவார்கள். ஓரிடத்தில் விளைச்சல் சரியில்லையென்றால் இன்னோரிடம் ஈடுகட்டும். அப்புறம் கறுக்க வறுப்பார்கள். கொட்டையின் சூடு 200 டிகிரியை ஒட்டும்போது படபடவென்று முதல் வெடிப்பு கேட்கும். அதற்குச் சற்றுப் பின்னால் இறக்கினால் கொட்டைக்கு உரிய புளிப்பும் இனிப்பும் நிற்கும். விடாமல் வறுத்தால் சடசடவென்று இரண்டாவது வெடிப்பு, மேலே எண்ணெய் மினுமினுப்பு, புகை. அந்த இடத்துக்கு வந்துவிட்டால் குடகும் ஏற்காடும் பிரேசிலும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். நாக்கில் தெரிவது வறுவலின் கசப்பு மட்டும். சங்கிலிக் கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. ஆயிரம் கிளைகளில் ஒரே ருசி கொடுக்கிறோம் என்பதுதான் அவர்கள் விற்கிற சரக்கே. நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகளும் அதே வழியில்தான் போகின்றன. பித்தளை டபரா பளபளக்கும். காலையில் இறக்கிய டிகாஷன் மதியம்வரை சூட்டிலேயே கிடக்கும்.

நம் பக்கத்து மலையையே எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் மாவட்டத்தில் கீழ்ப்பழனி மலை: தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பாச்சலூர். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தாண்டிக்குடியில் இருக்கிறது. காபி மட்டுமே நிற்கிற தோட்டம் இங்கே அபூர்வம். மேலே நிழல் மரம், அதில் மிளகுக்கொடி, நடுவில் ஆரஞ்சும் மலைவாழையும், கீழே அராபிகா என்ற காபி இனத்துச் செடி. ஆரஞ்சு பக்கத்தில் இருப்பதால் காபியில் ஆரஞ்சு மணக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது விற்பனைப் பேச்சு. உயரமும் நிழலும் சேர்ந்து பழத்தை நிதானமாகப் பழுக்க வைக்கின்றன, கொட்டை கெட்டிப்படுகிறது. பழுத்ததை மட்டும் பறித்து, தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, களத்தில் ஒழுங்காகக் காயவைத்த சரக்கு கைக்கு வந்தால், நடுத்தர வறுவலில் மெல்லிய புளிப்பும் பின்னால் வெல்லம்போன்ற இனிப்பும் எனக்குத் தெரியும். பச்சைக்கொட்டையும் பழசாகும். நீலம் கலந்த பச்சை நிறம் வெளுத்து மஞ்சளடித்துவிட்டால் போன வருடச் சரக்கு. எப்படி வறுத்தாலும் வைக்கோல் வாடை போகாது.

2019-இல் குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி, அரக்கு அராபிகாக்களுக்கும் ரோபஸ்டா என்ற இன்னொரு காபி இனத்தில் வயநாட்டுச் சரக்குக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் நம் மலை ஒன்றும் இல்லை என்பது எனக்குக் குறைதான். ரோபஸ்டாவை மட்டமென்று நினைப்பதும் தவறு. பாலில் நிற்கிற கெட்டித்தனம் அதில்தான் அதிகம். பீபெரி கதை வேறு. 'பீபெரி போடுங்க' என்பவர்கள் அதை உயர்ந்த ஜாதி என்று எண்ணுகிறார்கள். எந்தச் செடியிலும் சில பழங்களில் இரண்டுக்குப் பதில் ஒற்றைக் கொட்டை உருண்டையாக விளையும், அவ்வளவுதான். எந்த மலை, எந்த வருடம் என்பதை அந்தப் பெயர் சொல்லாது.

ஊரைவிட அவசரமான விஷயம் தேதி. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டிருக்கும். மெல்ல மெல்ல வெளியேறும், கூடவே மணமும் போகும். கொட்டையாக இருந்தால் சில வாரம் தாங்கும். அரைத்துவிட்டால் சில நாள்தான். பாக்கெட்டில் பேக் செய்த தேதியும் உபயோகிக்கவேண்டிய கெடுவும் இருக்கும், வறுத்த தேதி பெரும்பாலும் இருக்காது. கெடு தாண்டாத பொடி உடம்பைக் கெடுக்காது, சரி. மணம் எப்போதோ போயிருக்கும். நாளைக் காலை ஃபில்டரில் கொஞ்சமாக வெந்நீர் ஊற்றிவிட்டு மூடியைப் போடாமல் அரை நிமிடம் பாருங்கள். புதுப்பொடி உப்பி, குமிழ்விட்டு மேலெழும். பழைய பொடி சேறுபோல் அமுங்கிக் கிடக்கும்.

சிக்கரி கலந்த பொடியானால் பாக்கெட்டில் சதவீதத்தை அச்சிடவேண்டும் என்பது சட்டம். காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அதாவது 49 வரை சிக்கரி இருக்கலாம்! சிக்கரி என்பது வறுத்த வேர், காஃபீன் கிடையாது. டிகாஷனுக்குக் கறுப்பும் கெட்டியும் கொடுக்கும் என்பதால், 'திக்'காக இறங்குவதை வைத்துப் பொடியை எடைபோட முடியாது. சந்தேகமானால் கண்ணாடி டம்ளரில் பச்சைத்தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். காபித்தூள் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே உடனே கீழே இறங்கும். இருபது சதவீதம்வரை கேட்டு வாங்குபவர்களுக்கு நானே கலந்து தருகிறேன்; அந்த ருசியில் வளர்ந்த நாக்கு அதைக் கேட்கத்தான் செய்யும். சொல்லாமல் கலப்பதுதான் தப்பு.

பாலும் சர்க்கரையும் போட்ட பிறகு மலையின் குணம் எங்கே தெரியப்போகிறது என்பவர்களுக்கு: முழுதாகத் தெரியாது, உண்மை. பாலை ஊற்றுமுன் அரை டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் டிகாஷனை விட்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அதில் தெரியாவிட்டால் விட்டுவிடலாம்.

வாங்கும்போது ஒரு கிலோவாக வேண்டாம், வாரத்துக்கு ஆகிற அளவு போதும். எப்போது வறுத்தது, எந்த ஊர்க் கொட்டை என்று கேளுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் அடுப்பைவிட்டுத் தள்ளி வையுங்கள். தினமும் திறக்கிற டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரம் கோத்து, பக்கத்தில் இருக்கிற இஞ்சிபூண்டு விழுதின் வாடையும் பொடியில் ஏறிவிடும்.