வெண்பன்றிப் பண்ணைக்கு மானியம் உண்டு, குப்பைக்கு ஏக்கர் உண்டா?

சேலம் மாவட்டம் வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் வெண்பன்றிப் பண்ணை போட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது தேசிய கால்நடை இயக்கத்தின் மானியத்தைத்தான். 2021-22ல் மாற்றியமைத்த இந்த மத்தியத் திட்டத்தில் திட்டச் செலவில் பாதி மானியம். 50 தாய்ப்பன்றியும் 5 ஆண் பன்றியும் கொண்ட பண்ணைக்கு அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய். 100 தாய், 10 ஆண் என்றால் 30 லட்சம் வரை. தனிநபர், சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எல்லாரும் விண்ணப்பிக்கலாம். குத்தகை நிலமும் ஏற்கப்படும், ஆனால் நிலம் வாங்கவோ குத்தகை கட்டவோ மானியம் கிடையாது. விண்ணப்பம் உத்யமிமித்ரா இணையதளத்தில். பணம் இரண்டு தவணையாக வரும் என்பதால் மீதிக்கு வங்கிக் கடனோ கைப்பணமோ முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

சரி, மானியம் பன்றித் தலைக்கணக்கில் வருகிறது. அந்தப் பன்றிகள் போடும் சாணம் எங்கே போகும்?

50 தாய்ப்பன்றி, வருடத்துக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு 8 குட்டி என்று வைத்தால் 800 குட்டி. ஆறு மாதத்தில் விற்றாலும் எந்த நாளிலும் 400 இருக்கும். சராசரி 2 கிலோ சாணம் என்று குறைத்தே போட்டாலும் தினம் 800 கிலோ, வருடத்துக்கு 290 டன். மக்கிப் பாதியானாலும் 145 டன். எக்டருக்கு 12.5 டன் தொழு உரம் என்பது வேளாண் பல்கலைக்கழகம் பல பயிர்களுக்குச் சொல்லும் அளவு, அதாவது ஏக்கருக்கு 5 டன். அந்தக் கணக்கில் இந்தக் குப்பைக்கு 29 ஏக்கர் தேவை. தாய்ப்பன்றிகளின் சாணத்தை இதில் சேர்க்கவே இல்லை. மூன்று ஏக்கர்க்காரர் என்ன செய்வார்?

இதே கேள்வியில்தான் நெதர்லாந்து மாட்டிக்கொண்டது. இறக்குமதித் தீவனத்தில் பன்றி பெருகியது, நிலம் பெருகவில்லை. மணிச்சத்து மண்ணில் குவிந்து, தழைச்சத்திலிருந்து உருவாகும் நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்கியது. 1984ல் புதுப் பன்றி, கோழிப் பண்ணைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1987ல் எருவுக்கு அளவு வைத்தார்கள். 1991ல் ஐரோப்பாவுக்கே பொது விதி வந்தது: நைட்ரேட் பாதிப்பு உள்ள பகுதிகளில் கால்நடை எரு வழியாக எக்டருக்கு வருடம் 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் போகக் கூடாது. நம் கணக்கில் ஏக்கருக்கு 69 கிலோ. டென்மார்க் பன்றிப் பண்ணைகளுக்கு நெடுங்காலம் 140 கிலோ என்று இன்னும் இறுக்கிப் பிடித்தது. பயிர் இல்லாத குளிர்காலத்தில் எரு இறைக்கவும் விடவில்லை. என்னைக் கேட்டால், நம் ஊர் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டியது அந்த ஏக்கர்க் கணக்கைத்தான்.

சீனாவின் கதை வேறு. அங்கே நூற்றாண்டுகளாகப் பன்றி வளர்த்ததே பாதி எருவுக்காக. யூரியா மலிவாகி, பண்ணைகள் வயலைவிட்டுத் தள்ளிப் போனபின் உரமாக இருந்தது கழிவானது. 2014 ஜனவரியில் பெரிய பண்ணைகளின் கழிவுக்குத் தனி விதிமுறை நடைமுறைக்கு வந்தது.

சாணத்தை எரிவாயுவாக்கும் மத்திய அரசின் கோபர்தன் திட்டத்தில் டன்னுக்கு 1,500 ரூபாய் தருகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அது சாண எரிவாயு ஆலையில் தயாராகி விற்பனையாகும் உரத்துக்கான உதவி. வீட்டுக் குப்பைக்குழிக்கு வராது.

இனி செய்ய வேண்டியது. கடனுக்குப் போகும் முன் பக்கத்து மரவள்ளி, மஞ்சள் தோட்டக்காரர்கள் யார் குப்பை எடுப்பார்கள் என்று பேசி வையுங்கள். வெப்பம் ஏற மக்கவிடாத எருவில் குடற்புழு முட்டை உயிரோடு இருக்கும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி மக்காத கால்நடை எரு போட்டால், மண்ணைத் தொடும் விளைச்சலை 120 நாள் கழித்தே அறுவடை செய்யலாம், மற்றவற்றை 90 நாள் கழித்து. தலைவாசல் சந்தைக்குக் கீரை, தக்காளி போடுகிறவர்கள் மக்கிய எருவை மட்டும் வாங்குவது நல்லது. தீவனத்தில் சேர்க்கும் தாமிரமும் துத்தநாகமும் எருவோடு வந்து மண்ணில் தங்கும் என்பதால், ஒரே வயலில் தொடர்ந்து போட்டால் மண் பரிசோதனையில் நுண்ணூட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகத்துக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

ஏற்காட்டுக் காபி, மிளகுத் தோட்டங்களில் இன்னொரு சங்கதி: சரிவில் மேலாக இறைத்த குப்பை ஒரு கனமழையில் ஓடைக்குப் போய்விடும். அடர்மழை ஓய்ந்தபின், செடியின் மேட்டுப்பக்கம் அரைவட்டக் குழி வெட்டி எருவைப் போட்டு மண் மூடிவிடுங்கள்.