மூழ்கிய காரின் சாவியைத் திருப்பினால் உள்ளே என்ன நடக்கிறது?

வேளச்சேரிப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் அவருடைய கார் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நின்றபடியே மூழ்கியது. தண்ணீர் வடிந்து இரண்டு நாள் கழித்து, ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்பினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. அடுத்த நொடியே தடதடவென்று ஆடியது, பயந்து அணைத்துவிட்டார். பிறகு வந்த காப்பீட்டுச் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ‘தண்ணீர் புகுந்த பின் இயக்கப்பட்டுள்ளது’ என்று எழுத, இன்ஜினுக்கான தொகை மறுக்கப்பட்டது. “சாவியைத் திருப்பியதை வீட்டில்கூட சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்கிறார்.

கனெக்டிங் ராட் சொல்லியிருக்கும். சிலிண்டருக்குள் மேலும் கீழும் போகும் பிஸ்டனையும், அந்த அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டையும் இணைக்கும், ஒரு சாண்கூட நீளமில்லாத அந்த எஃகுத் துண்டு வளைந்திருந்தால், தண்ணீர் உள்ளே இருந்தபோது இன்ஜின் சுழன்றிருக்கிறது என்று பொருள். நின்றுகொண்டே மூழ்கிய இன்ஜினில் துரு பிடிக்கும், சேறு படியும், ஆயில் கெடும். ராட் மட்டும் வளையாது.

நான்கு வீச்சு இன்ஜின் பள்ளிப் பாடம்தான்: உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல். நமக்கு வேண்டியது இரண்டாவது மட்டும். 1,200 சிசி நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி. அழுத்த விகிதம் (பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள மொத்த இடம், உச்சியில் மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 11 என்றால், பிஸ்டன் உச்சிக்குப் போனபின் அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் வெறும் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. டீசல் இன்ஜினில் விகிதம் 16 பக்கம் இருக்கும். 1,500 சிசி டீசலில் மிஞ்சுவது 25 மில்லிதான். பெரிய இன்ஜின்தான், ஆனாலும் இடம் குறைவு.

அழுத்தும் நேரத்தில் வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும். உள்ளே இருப்பது காற்றென்றால் சமர்த்தாகச் சுருங்கிக்கொள்ளும். வளிமண்டலத்தைப்போல் இருபது மடங்கு சொச்சம் அழுத்தம் எழும், அவ்வளவே. தண்ணீரோ ஒரு சதவீதம் சுருங்கவே சுமார் 220 மடங்கு கேட்கும். ஆகவே 30 மில்லி இடத்துக்குள் 35 மில்லி தண்ணீர் இருந்தால் பிஸ்டன் உச்சியைத் தொட முடியாது. கிராங்கோ அதை உச்சிக்குத் தள்ளியே தீருவேன் என்று சுழன்றுகொண்டிருக்கிறது. இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது ராட்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. கிராங்க் தண்டு பிஸ்டனைத் தள்ளும் விசை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சைக்கிள் பெடல் நேர் உச்சியில் இருக்கும்போது எம்பி மிதித்துப் பாருங்கள். காலின் பலம் முழுக்க வீண், சக்கரம் அசையாது. இதைத் தலைகீழாக யோசியுங்கள். பெடல் உச்சிக்குச் சற்று முன்னால் இருக்கும்போது சங்கிலிப் பக்கமிருந்து யாராவது பெடலைக் கொஞ்சம் திருப்பினால், கால் எவ்வளவு அழுத்தினாலும் தாங்க முடியாது, மேலே தள்ளிவிடும். கிராங்க் கால்வட்டம் சுற்றும்போது பிஸ்டன் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நகர்கிறது. உச்சிக்கு அருகில் அதே கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. நகரும் தூரம் குறையக் குறைய விசை ஏறும். நெம்புகோல் விதிதான், வேறொன்றுமில்லை.

எண்ணில் பார்ப்போம். கிராங்கில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை இருக்கிறதென்று கொள்வோம். பாதி வழியில் பிஸ்டன் மீது அது சுமார் 280 கிலோ எடைக்குச் சமம். உச்சிக்கு 13 டிகிரி முன்பு ஏறத்தாழ ஒரு டன். 5 டிகிரி முன்பு இரண்டரை டன். உச்சியை நெருங்க நெருங்கக் கணக்கில் எல்லையே இல்லாமல் போகும். கருங்கல்லை ஜல்லியாக்கும் கிரஷரின் தாடையை இயக்குவதும் இதே தந்திரம்தான்.

இதிலிருந்து நாம் எதிர்பார்க்காத ஒரு முடிவு கிடைக்கிறது. சிலிண்டரில் பாதியளவு தண்ணீர் இருந்தால், பிஸ்டன் பாதி வழியிலேயே முட்டிக்கொள்ளும். அங்கே கிராங்குக்குப் பலம் குறைவு. ஸ்டார்ட்டர் மோட்டார் திணறி, ‘டக்’ என்று நின்றுவிடும். ராட் பெரும்பாலும் தப்பிக்கும். மாறாக, இடத்தைவிட ஐந்தாறு மில்லி மட்டும் கூடுதலாக இருந்தால் முட்டல் உச்சிக்குப் பக்கத்தில் நடக்கிறது, கிராங்கின் பலம் உச்சத்தில் இருக்கும் இடத்தில். அதிகத் தண்ணீரைவிடக் கொஞ்சம் தண்ணீர் ஆபத்தானது!

ராட்டின் பக்கம் பார்த்தால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. நெட்டுக்குத்தாக அழுத்தினால் அது டன் கணக்கில் தாங்கும். ஒவ்வொரு எரிதலிலும் இரண்டு டன்னுக்கு மேல் வாங்கிப் பழகியதுதான். ஆனால் மெல்லிய தூண் எதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் நசுங்காது, பக்கவாட்டில் வளையும். வளைந்த தூண் நேரான தூணைவிடப் பலவீனமானது. வளைந்ததால் பிஸ்டனுக்கு வழி கிடைத்து கிராங்க் இன்னும் இரண்டு டிகிரி முன்னேறும். முன்னேறியதால் அதன் விசை இன்னும் ஏறும். ஒரு பக்கம் தள்ளுகிறவன் பலசாலியாகிக்கொண்டே போகிறான், மறு பக்கம் தாங்குகிறவன் சோர்ந்துகொண்டே போகிறான். அதனால்தான் இது மெதுவாக நடப்பதில்லை. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும் இன்ஜினில் பிஸ்டன் கீழிருந்து மேலே போக எடுக்கும் நேரமே ஒரு நொடியில் 27-ல் ஒரு பங்கு.

நம் வாசகருக்கு நடந்தது என்னவாக இருக்கும்? சிலிண்டர்கள் ஓரளவு உலர்ந்திருந்தன, தண்ணீர் ஏர் ஃபில்டர் பெட்டியிலும் உறிஞ்சுக் குழாயிலும் தேங்கியிருந்தது என்பது என் ஊகம். ஸ்டார்ட்டர் நிமிடத்துக்கு 200 சுற்றுப் பக்கம்தான் சுற்றும். அந்த மெல்லிய உறிஞ்சலுக்குத் தேங்கிய தண்ணீர் அசையவில்லை. இன்ஜின் பற்றிக்கொண்டதும் வேகம் நான்கு மடங்கு, உறிஞ்சலும் கூடியது, ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போனது. அதற்குள், கிராங்கோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் சேர்ந்துவிட்ட ஆற்றலோ பதினாறு மடங்கு, ஏனென்றால் அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவது. ஓடும் காரை வெள்ளத்துக்குள் விட்டு 3,000 சுற்றில் முறுக்குகிறவர்களின் இன்ஜினில், வளைந்த ராட் இன்ஜினின் உடலான பிளாக்கையே துளைத்து வெளியே வருவதும் உண்டு.

சர்வேயரின் வேலை இப்போது சுலபம். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, நான்கு பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்து உயரம் அளந்தால் போதும். மூன்று சமமாக நிற்க, நான்காவது ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றால் விஷயம் முடிந்தது. தண்ணீர் தேங்கி மட்டும் இருந்த சிலிண்டரில் சுவரைச் சுற்றித் துருக்கோடு இருக்கும், உயரம் குறைந்திருக்காது. மெக்கானிக்குகள் “வண்டி தண்ணி குடிச்சிருச்சு” என்று ஒரே வரியில் சொல்வதற்குள் இந்த இரண்டு கதைகளும் இருக்கின்றன. காப்பீட்டுக்கு இரண்டும் வேறு வேறு.

இந்தியாவின் முழுமையான கார் பாலிசியில், அதாவது சொந்தச் சேதப் பகுதியில், வெள்ளமும் புயலும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் அதே பாலிசியில் ‘விளைவாக ஏற்படும் இழப்பு’, ‘இயந்திரக் கோளாறு’ என்று விலக்குகளும் உண்டு. மழை காரை மூழ்கடித்தது வெள்ளச் சேதம். மூழ்கிய காரை இயக்கியதால் ராட் வளைந்தது விளைவு என்பது நிறுவனங்களின் வாதம். இயற்பியல்படி அந்தப் பிரிவு சரியே. நியாயப்படி எனக்குப் பாதிதான் ஒப்புதல். காரை விற்கும்போது சன்ரூஃபைப் பத்து நிமிடம் காட்டுகிறார்கள். காற்று உறிஞ்சும் வாய் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று ஷோரூமில் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். அந்த ஓர் எண்ணைக் கண்ணாடியில் ஸ்டிக்கராக ஒட்டினால் எத்தனை ராட்கள் பிழைக்கும்! நாமும் சளைத்தவர்களில்லை. புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க மறப்பதில்லை, பாலிசியின் விலக்குப் பக்கத்தை மட்டும் புரட்டுவதேயில்லை.

இன்னொரு எண்ணும் தேவை: தெருவில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்? 2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அதன்பிறகும் வானிலைச் செய்தி மாவட்ட அளவில்தான் நம் கைக்கு வருகிறது, ‘உங்கள் தெருவில் முழங்கால் வரை’ என்று வருவதில்லை. துல்லியமான நில உயர வரைபடத்துக்கும் தெருவுக்குத் தெரு நீர்மட்ட உணர்கருவிக்கும் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்குவது, மழை முடிந்து நிவாரணம் கொடுப்பதைவிட மலிவு என்பது என் கட்சி. 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மக்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினார்களே, கேலி செய்தவர்கள் உண்டு. கையில் இருந்த தரவை வைத்து அவர்கள் எடுத்தது மிகச் சரியான பொறியியல் முடிவு.

சரி, மூழ்கிவிட்டது. அப்புறம்? சாவியைத் தொடாதீர்கள், பட்டன் ஸ்டார்ட்டையும்தான். பானெட்டைத் திறக்க முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அழுக்குத் தண்ணீரில் 12 வோல்ட் இணைப்பில் இருந்தால் கனெக்டர்களின் செம்பு மின்பகுப்பில் கரைந்துகொண்டே இருக்கும். பச்சை பூத்த அந்த முனைகள்தான் ஆறு மாதம் கழித்து ஏர்பேக் விளக்கை எரிய வைக்கும். நம்பர் பிளேட்டும், காரின் உடம்பில் தண்ணீர் நின்ற கோடும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே க்ளெய்மைப் பதிவு செய்துவிட்டு டோயிங்குக்குச் சொல்லுங்கள்; நியூட்ரலில் கயிறு கட்டி இழுத்துப்போகட்டும், கியரில் போட்டு இழுத்தால் சாவியைத் திருப்பிய அதே கதைதான். சர்வேயர் வந்து பார்க்கும்வரை இன்ஜினில் கைவைக்க விடாதீர்கள். நல்ல ஒர்க்‌ஷாப்பில் முதலில் செய்வது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றுவது. தண்ணீர் பிளக் துளை வழியே பீய்ச்சியடிக்கும், ராட்டுக்கு ஒரு கீறலும் இருக்காது.

பணக் கணக்கு கொஞ்சம் வறட்சியானது. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கு ஏற்பக் கழிவு: நான்கு முதல் ஐந்து வயது வண்டிக்கு 35 சதவீதம். ‘ஜீரோ டெப்’ என்ற கூடுதல் பாதுகாப்பு (ஆட்-ஆன்) இருந்தால் இந்தக் கழிவு பெரும்பாலும் இல்லை. அது இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்ததற்கான பாதுகாப்பு அல்ல. அதற்கு ‘இன்ஜின் ப்ரொடெக்ட்’ என்று தனி ஆட்-ஆன். அதிலும் நிபந்தனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள். பழுதுச் செலவு ஐடிவியில் (பாலிசியில் காருக்குக் குறித்திருக்கும் மதிப்பில்) 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’. 8 லட்சத்துக்கு வாங்கிய கார் ஐந்து வயதை நெருங்கும்போது ஐடிவி 4 லட்சத்துக்கு வந்திருக்கும். 3 லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் போனால் பழுது பார்க்காமல் பணமாகத் தந்துவிடுவார்கள். டேஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய வண்டிக்கு இது காரின் சொந்தக்காரருக்கும் நல்லதே.

மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நம் வாசகருக்கு நான் சொல்வது: நான்கு பிஸ்டன்களின் உயர அளவும் சர்வே அறிக்கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘ஸ்டார்ட் செய்திருக்கிறார்’ என்று மட்டும் எழுதி அளவு இல்லையென்றால் வாதாட இடம் இருக்கிறது. அளவு இருந்து, ஒரு பிஸ்டன் தாழ்ந்திருந்தால் ராட்டையும் அந்தப் பிஸ்டனையும் விட்டுவிட்டு, மூழ்கியதால் மட்டுமே கெட்ட ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், வயரிங், சீட்டு எல்லாவற்றையும் வரி வரியாகக் கேளுங்கள். வளைந்த ஒரு ராட்டைக் காட்டி அவற்றையும் மறுக்க முடியாது.