விஜில் என்றால் விழிப்புணர்வு அல்ல

ஒன் டைரக்‌ஷன் என்ற பாப் இசைக் குழுவில் பாடிய லியாம் பெய்ன் 2024 அக்டோபர் 16 அன்று பியூனஸ் அயர்ஸில், ஒரு ஹோட்டலின் மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து விழுந்து இறந்தார். வயது 31. செய்தி பரவிய கொஞ்ச நேரத்திலேயே ஹோட்டல் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் இளம்பெண்கள். மெழுகுவர்த்தி, பூ, அழுகை, நடுநடுவே அவர் பாட்டு. இதைத் தமிழில் தந்த ஒரு செய்தித் தளம், ரசிகர்கள் ‘மெழுகுவர்த்தி விழிப்புணர்வு’ நடத்தினார்கள் என்று எழுதியிருந்தது.

எதைப் பற்றிய விழிப்புணர்வு?

முதல் தடவை பார்த்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இது எத்தனையாவது தடவை என்று எனக்கே கணக்கில்லை. வெளிநாட்டில் ஒரு பாடகரோ நடிகரோ இறந்தால் போதும், அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், இங்கே விழிப்புணர்வு வந்துவிடுகிறது. ஆவணப்படங்களின் தமிழ் வசன வரிகளிலும் இதே கதை. ஆங்கிலத்தில் விஜில் (vigil) என்று இருந்திருக்கும், ஒருவருக்காகத் தூங்காமல் கூடியிருப்பது என்று பொருள். அகராதியில் ‘விழிப்பு’ என்று பார்த்திருப்பார்கள், விழிப்பு என்று தொடங்கும் சொற்களில் கைக்குப் பழகிய சொல் விழிப்புணர்வுதான், எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

வேர்க்கதை சின்னதுதான், சொல்லிவிடுகிறேன். லத்தீனில் விஜில் என்றால் தூங்காமல் இருப்பவர். விஜிலியா என்றால் இரவுக் காவல். ரோமப் படைகள் இரவை நான்கு விஜிலியாக்களாகப் பிரித்து முறைவைத்துக் காவல் நின்றன, நம்முடைய நாலு சாமம் மாதிரி. அந்தச் சொல் தேவாலயத்துக்குள் போய், பெருவிழாவுக்கு முந்தின இரவு தூங்காமல் ஜெபிப்பதற்குப் பெயரானது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நோயாளியின் கட்டில் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பது, இறந்தவருக்காகக் கூடி நிற்பது எல்லாவற்றுக்கும் ஆனது. நம் ஊரில் அரசு ஊழியர்கள் பயப்படும் விஜிலென்ஸும் இதே குடும்பம்தான். தூங்காதவன் கவனமாக இருப்பான், அவ்வளவுதான் தொடர்பு. சமஸ்கிருதத்திலிருந்து வந்த ‘ஜாக்கிரதை’யும் இதே வழியில் நடந்த சொல்தான். அடியில் இருப்பது விழித்திருத்தல், இப்போது கேட்டுக் கதவில் தொங்குவது ‘நாய்கள் ஜாக்கிரதை’.

சரி, விழிப்புணர்வுக்கு வருவோம். விழிப்பு, உணர்வு இரண்டும் சேர்ந்து ஒரு நிலையைச் சொல்கின்றன: ஒன்றைப் பற்றித் தெரிந்து உஷாராக இருப்பது. டெங்கு விழிப்புணர்வு, தலைக்கவச விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் தட்டியோடு நடக்க வைத்தால் அது விழிப்புணர்வுப் பேரணி. நல்ல சொல், வேலை செய்யும் சொல், அதன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் ‘ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்காக மெழுகுவர்த்தி விழிப்புணர்வு’ என்று படிக்கிறவனுக்கு, எல்விஸ் பரவாமல் தடுக்க வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றல்லவா தோன்றும்?

எல்விஸை வேண்டுமென்றேதான் இழுத்தேன். விஜில் என்ற சொல்லின் முழுப் பொருளும் பாப் உலகத்தில் நடந்து காட்டப்படும் இடம் அவர் வீடுதான். 1977 ஆகஸ்ட் 16 அன்று, 42 வயதில், மெம்பிஸ் நகரத்தில் தன் கிரேஸ்லேண்ட் வீட்டில் இறந்தார். மறுநாள் மதியம் உடலைப் பொதுமக்கள் பார்க்க விட்டார்கள். எல்லோராலும் பார்க்க முடியவில்லை, வாசற்கதவை மூடிவிட்டார்கள், ஆனாலும் ஒரு கூட்டம் வீட்டுக்குப் போகாமல் அந்தச் சாலையிலேயே இரவைக் கழித்தது. விடிவதற்கு முன் ஒரு கார் அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்து இரண்டு இளம்பெண்கள் இறந்துபோனார்கள். 

இப்போதும் ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 15 இரவு அதே வாசலில் ரசிகர்கள் மெழுகுவர்த்தியோடு சேர்கிறார்கள். வரிசையாக உள்ளே ஏறிப்போய், அவர் புதைக்கப்பட்டிருக்கும் தோட்டத்தைச் சுற்றிவிட்டு இறங்குகிறார்கள். கடைசி ஆள் போய்த் திரும்பும்வரை இது நடக்கும், சில வருஷங்களில் விடிந்தே விடுமாம். ஆகஸ்ட் மாத மெம்பிஸ் புழுக்கத்தில், கையில் உருகும் மெழுகோடு, மணிக்கணக்காக வரிசையில் நிற்பவர்களில் அவர் இறந்த பிறகு பிறந்தவர்களே ஏராளம்.

இதற்குத் தமிழில் சொல் இல்லை என்று எவராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மகாசிவராத்திரிக்கு நாம் என்ன செய்கிறோம்? கண்விழிக்கிறோம். வைகுண்ட ஏகாதசிக்குத் தூக்கம் வராமல் இருக்கப் பரமபதம் ஆடிக்கொண்டு கண்விழிக்கிறோம். கிறிஸ்தவர்களிடம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் ‘விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்’ இருக்கிறது. கத்தோலிக்கர்கள் ஒருபடி மேலே போய் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு அவர்களுக்குப் ‘பாஸ்கா திருவிழிப்பு’. பார்த்தீர்களா, விழிப்பு என்று நிறுத்திவிட்டார்கள், உணர்வை ஒட்டவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் பக்கத்துத் தெருத் தேவாலயத்தின் அறிவிப்புப் பலகையைப் படித்திருந்தால்கூடப் போதும், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சாவு வீடு மட்டும் விதிவிலக்கா? என் தாத்தா இறந்தபோது வெளியூர் மகன் வந்துசேர வேண்டும் என்று உடலை ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். ‘ராத்திரி யார் யார் கூட இருக்கப்போறது?’ என்று பெரியப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பாயைப் போட்டு, தலைமாட்டில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டு, வரக்காப்பி குடித்துக்கொண்டு, தாத்தாவின் கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அழுகையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. கிரேஸ்லேண்ட் வாசலில் நடப்பது இதைவிட வேறா என்ன?

ஆகவே என் சிபாரிசு: கண்விழிப்பு. ‘ரசிகர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி விடிய விடியக் கண்விழித்தனர்.’ வினையாகவே போட்டால் இன்னும் நல்லது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் பெயர்ச்சொல் இருந்தாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஒரு நண்பர், மொழிபெயர்ப்பில் தலைநரைத்தவர், இதை ஒத்துக்கொள்ளவில்லை. கண்விழிப்பு என்றால் பரீட்சைக்குக் கண்விழித்துப் படிப்பதும் தூக்கம் வராத வியாதியும்தான் நினைவுக்கு வருகிறதாம். அவருடைய சொல் ‘விழிப்பஞ்சலி’. எனக்கு இது பிடிக்கவே இல்லை. அஞ்சலி என்பது முதலில் இரண்டு கையையும் கூப்புவது. அதிலிருந்து மரியாதை, அதிலிருந்து இரங்கல். இன்றைக்குச் சுவரொட்டி அடிக்கிற எல்லோருக்கும் கண்ணீர் அஞ்சலி, மலரஞ்சலி, நினைவஞ்சலி, இதய அஞ்சலி என்று அஞ்சலியின் முன்னால் எதையும் ஒட்டலாம் என்றாகிவிட்டது. அந்தக் கும்பலில் விழிப்பஞ்சலியும் போய் நின்றால் அதன் ‘விழிப்பு’ யார் காதில் விழும்? கண்தானம் செய்தவருக்கான அஞ்சலி என்றுதான் நினைப்பார்கள். பரீட்சைக்குப் படிப்பவன் நினைவுக்கு வருகிறான் என்ற வாதமும் நிற்காது. சிவராத்திரியைப் பற்றிப் பேசும்போது யாருக்காவது பரீட்சை ஞாபகம் வருகிறதா? சொல் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடம் பொருளைக் காட்டும். அஞ்சலி வடசொல் என்பதற்காகவும் நான் எதிர்க்கவில்லை. பாஸ்காவையே ஏற்றுக்கொண்ட மொழி இது. ஏற்கெனவே வீட்டில் புழங்கும் சொல்லை வெளியே தள்ளிவிட்டுப் புதிதாக ஒட்டுப்போட்ட சொல்லைக் கொண்டுவருவதுதான் எனக்கு ஒவ்வாது.

ஆனால் அவர் கேட்ட இன்னொரு கேள்வி நியாயமானது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கூடி எட்டு மணிக்குக் கலைகிற கூட்டத்தையும் ஆங்கிலத்தில் விஜில் என்கிறார்களே, அதுவும் கண்விழிப்பா? இல்லை. அங்கே ஆங்கிலம் தளர்ந்துவிட்டது, நாமும் கூடவே தளர வேண்டியதில்லை.

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் விஷயத்தில் இது பளிச்சென்று தெரியும். 1980 டிசம்பர் 8 இரவு நியூயார்க்கில் தன் வீடு இருந்த டகோட்டா கட்டிட வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிரவே கூட்டம் அங்கே வந்து பாட ஆரம்பித்துவிட்டது, போகவே இல்லை. கடைசியில் மனைவி யோகோ ஓனோ சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று: நீங்கள் பாடுவதால் எனக்குத் தூக்கம் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் பூங்காவில் கூடி மௌனமாக இருங்கள் என்று. ரசிகர்கள் கண்விழித்ததில் வீட்டுக்காரியும் சேர்ந்து கண்விழிக்க வேண்டியிருந்தது, பாவம். டிசம்பர் 14 அன்று பட்டப்பகல் இரண்டு மணிக்கு அந்தப் பூங்காவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பத்து நிமிஷம் பேசாமல் நின்றார்கள். லெனனின் சொந்த ஊரான லிவர்பூலில் ஏறக்குறைய 30,000 பேர். ஆங்கிலத்தில் முதலாவதும் விஜில், இரண்டாவதும் விஜில். தமிழில் முதலாவது கண்விழிப்பு, இரண்டாவது மௌன அஞ்சலி. இங்கே அஞ்சலியை நானே தாராளமாகக் கொடுக்கிறேன்.

மைக்கேல் ஜாக்சனுக்கு 2009 ஜூலை 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேபிள்ஸ் அரங்கத்தில் நடந்தது இரண்டிலும் சேராது. குலுக்கலில் 17,500 இலவச டிக்கெட், அதற்குப் பதிவு செய்தவர்கள் 16 லட்சம் பேர். அது நினைவேந்தல். அதையும் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி ‘இறுதி ஊர்வலம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஊர்வலம் என்றால் நடக்க வேண்டாமா, எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜாக்சன் பேச்சை எடுத்ததால் இன்னொரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். ஒருவர் இறந்ததும் அவர் வாழ்க்கையைக் ‘கொண்டாடுவது’ ஆங்கில வழக்கு. அவர் பாட்டைப் பாடி, ஆடி, சாதித்ததைச் சொல்லி மகிழ்வது. ஜாக்சன் இறந்த 2009 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் அப்போலோ அரங்க வாசலில் மக்கள் அப்படித்தான் ஆடினார்கள். அதை ‘மரணத்தை ரசிகர்கள் கொண்டாடினர்’ என்று மொழிபெயர்த்தால், செத்தவன் எதிரி என்றாகிவிடாதா? நம் ஊரில் கல்யாணச் சாவு என்று ஒன்று இருக்கிறது, அதில் ஆட்டமும் உண்டு, ஆனால் அங்கேயும் சாவைக் கொண்டாடினோம் என்று யாரும் சொல்வதில்லை. பாடியும் ஆடியும் அவரை நினைத்துக்கொண்டார்கள் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? இரண்டு சொல் கூடும், அவ்வளவுதான்.

அதே நாள் ஹாலிவுட்டில் ஒன்று நடந்தது. நடைபாதையில் பிரபலங்களின் பெயர் பொறித்த நட்சத்திரங்கள் இருக்குமே, அங்கே ஜாக்சனுடைய நட்சத்திரத்தின் மேல் ஒரு சினிமாவின் முதல் காட்சிக்காக ஏதேதோ போட்டு மூடியிருந்தார்கள். பூவோடு வந்தவர்கள் வேறோர் இடத்தில் மைக்கேல் ஜாக்சன் என்ற பெயரைப் பார்த்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்து அழுதார்கள். அது லாஸ் ஏஞ்சலஸில் வானொலி நிகழ்ச்சி நடத்திய வேறொரு மைக்கேல் ஜாக்சனின் நட்சத்திரம், அந்த மனிதர் அப்போது உயிரோடு நன்றாக இருந்தார். விழிப்பைத் தேடிப்போய் விழிப்புணர்வில் பூ வைத்துவிட்டு வருகிற நம் மொழிபெயர்ப்பாளர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நட்சத்திரம் ஞாபகம் வரும். ரசிகர்களையாவது மன்னிக்கலாம், அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

லியாம் பெய்ன் செய்தி போட்ட தளத்துக்கு இதையெல்லாம் சுருக்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் திருத்தியிருந்தார்கள். ‘மெழுகுவர்த்தி விழிப்புணர்வு’ இப்போது ‘மெழுகுவர்த்தி விழிப்புணர்வுப் பேரணி’ ஆகியிருந்தது.