பாறை வடிகட்டித் தரும் என்று நம்பிக் குடிக்காதீர்கள்

மேகாலயா போய்வந்த இன்னொரு குடும்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போன் செய்தது. சிரபுஞ்சியில் மௌஸ்மாய் குகைப் பக்கம், பாறை இடுக்கில் கொட்டிய தண்ணீரை பாட்டிலில் பிடித்து, குழந்தைக்கும் கொடுத்திருக்கிறார்கள். “கண்ணாடி மாதிரி இருந்துச்சு சார், மலையே ஃபில்டர் பண்ணிடும்ல?” நிலத்தடி நீர்தான் என் தொழில். இந்தக் கேள்வி அலுத்துவிட்டது.

மலை ஃபில்டர் பண்ணாது. அதிலும் அங்கே இருக்கும் சுண்ணாம்புப் பாறை பண்ணவே பண்ணாது. வடிகட்டுவது மணல். அதற்குள் தண்ணீர் நாளைக்கு ஓரிரு அடி நகர்ந்தாலே பெரிது; கிருமி வழியிலேயே சிக்கிச் சாகும். சுண்ணாம்புப் பாறையிலோ மழைநீர் விரிசலைக் கரைத்துக் கரைத்துக் குகையாக்கிவிடுகிறது. மேகாலயாவின் ஜெயந்தியா மலையில் கிரெம் லியாட் பிரா குகையை மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல் அளந்திருக்கிறார்கள். அது ஃபில்டர் இல்லை, குழாய். மேலே பன்றிக் கொட்டகையோ செப்டிக் டேங்கோ இருந்தால், நல்ல மழைக்குச் சில மணி நேரத்திலேயே அது கீழே ஊற்றுக்கு வந்துவிடும்.

1901 ஆகஸ்டில் பிரான்சின் ஜூரா சுண்ணாம்பு மலையில், பொன்தார்லியே ஊர்ச் சாராய ஆலையில் இடி விழுந்து தீப்பிடித்தது. வெடித்துவிடுமே என்று தொட்டிகளைத் திறந்துவிட, லட்சக்கணக்கான லிட்டர் அப்சிந்த் (சோம்பு வாசனைச் சாராயம்) டூ ஆற்றில் கலந்தது. இரண்டு நாளில், மலைக்கு அந்தப் பக்கம் லூ ஆறு பிறக்கும் ஊற்றில் சோம்பு வாசனை! அந்த ஊற்றுக்கு டூ ஆற்றுத் தண்ணீரும் போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. (தண்ணீர் எங்கே போகிறது என்று நாங்கள் சாயம் கரைத்துவிட்டுத் தேடுவதைச் சாராயம் ஓசியில் செய்துவிட்டது.)

சாராயம் கரைகிற சரக்கு, கிருமி அப்படி வராது என்பீர்கள். குகை ஆய்வாளர் மார்தெல் 1891-ல் ஓர் ஊற்றில் குடித்துப் படுத்துவிட்டார். மேலே உள்ள குழியில் இறங்கிப் பார்த்தால், செத்த கன்றுக்குட்டி அழுகிக் கிடந்தது. அப்படிப்பட்ட குழிகளில் செத்த மாடுகளைப் போடக்கூடாது என்று பிரான்சில் 1902-ல் சட்டமே வந்தது.

தெளிவு என்பது மண் இல்லை என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். கிருமி கண்ணுக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், இதே ஆட்கள் கெட்டிலில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பைப் பார்த்து அலறுவார்கள். அது ஒன்றும் செய்யாது.

சரி, கேளுங்கள். தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டுக் குடியுங்கள். மழைக்குப் பின் ஊற்று கலங்கினால் கிட்டவே போகாதீர்கள். மலையில் ஹோம்ஸ்டே நடத்துபவர்களே, தயவுசெய்து குப்பையைப் பாறைக் குழியில் கொட்டாதீர்கள். அடிவாரத்துக்காரர் குடத்துக்குத்தான் அது போகிறது. வயிறு ஏற்கெனவே கெட்டுவிட்டதா? ஓ.ஆர்.எஸ். கரைத்துக் குடித்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். எனக்குப் பாறை வைத்தியம்தான் தெரியும்.