உறுமலுக்காக எர்த் கம்பியைக் கழற்றாதீர்கள்

சென்ற சனிக்கிழமை, சுங்கை சிப்புட்டில் உள்ள என் பழுதுபார்ப்புக் கடைக்கு, தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் பழைய ஆம்பிளிஃபயரைத் தூக்கி வந்தார். பெட்டியைத் தொட்டால் சுரீரென்று இழுக்கிறதாம். பேரன் கையை உதறிக்கொண்டு அழுதானாம். நான் முதலில் மூன்று முனை பிளக்கைத்தான் திறந்தேன். பச்சையும் மஞ்சளுமான எர்த் கம்பி, அதாவது பழுதானால் மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் கம்பி, கழற்றப்பட்டு, நேர்த்தியாக மடிக்கப்பட்டு, கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தது. இந்த ஆண்டில் இப்படிப்பட்ட டேப்பை நான் பிரிப்பது நான்காவது முறை.

இது எப்படி நடக்கிறது? கணினியில் உள்ள பாடல்களை நல்ல தரத்தில் கேட்க, அதன் எண்வடிவப் பாட்டை ஒலி அலையாக மாற்றித் தரும் டி.ஏ.சி. என்ற புதிய பெட்டி ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டியதும் ஸ்பீக்கரில் உறுமல் எழுகிறது. யாரோ எர்த்தைக் கழற்றச் சொல்ல, உறுமலும் நின்றுவிடுகிறது. "எர்த்துலதான் தம்பி அழுக்குக் கரண்டு வருது, எடுத்ததும் பாட்டு கண்ணாடியாட்டம் இருக்கு" என்றார் பெரியவர்.

இந்த அழுக்குக் கரண்டுக் கதையைக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. அவருடைய பழைய சிடி பிளேயருக்கு எர்த் இணைப்பே கிடையாது, ஆகவே அப்போது உறுமவில்லை. இப்போதோ கணினிக்கும் எர்த் உண்டு, ஆம்பிளிஃபயருக்கும் எர்த் உண்டு. இடையில் வந்த டி.ஏ.சி., கணினியிலிருந்து வரும் யூ.எஸ்.பி. கேபிளாலும், ஆம்பிளிஃபயருக்கு ஒலியைக் கொண்டுசெல்லும் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிவலையாலும் இரண்டையும் கோத்துவிட, சுவர் எர்த்தோடு சேர்ந்து ஒரு வளையம் உண்டாகி, அதில் ஓடும் சிறு மின்னோட்டமே 50 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கிறது. எர்த்தைக் கழற்றினால் வளையம் அறுபடுவது உண்மைதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு கெடும் நாளில் 230 வோல்ட் அந்த இரும்புப் பெட்டியில் வந்து நிற்கும். ஆர்.சி.ஏ. கேபிள் மாட்டியிருக்கும் வரை அது டி.ஏ.சி. வழியாகக் கணினிக்குப் பாயப் பார்க்கும். கேபிளை உருவினால், அடுத்துத் தொடுபவரின் உடல்தான் வழி. "வீட்டில் இ.எல்.சி.பி. இருக்கிறதே" என்பார்கள், மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. எர்த் இருந்தால் அது பழுது வந்த கணமே விழும். எர்த் இல்லாவிட்டால் மின்சாரம் உங்கள் உடலில் பாய்ந்த பிறகுதான் விழும்.

 

உறுமலைப் போக்க, எர்த்தைத் தொடாமல், எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகிப் பாருங்கள். பாதித் தொல்லை அங்கேயே குறையும். குறையாவிட்டால் கணினிக்கும் டி.ஏ.சி.க்கும் இடையே யூ.எஸ்.பி.க்குப் பதில் ஆப்டிகல் கேபிளைப் பயன்படுத்துங்கள், அதில் ஒளி மட்டுமே செல்லும். ஆனால் டி.ஏ.சி.க்கான மின்சாரத்தை அதே கணினியின் யூ.எஸ்.பி.யிலிருந்து எடுத்தால் வளையம் அப்படியே இருக்கும். இரண்டு முனைத் தனி அடாப்டர் போடுங்கள். ஆப்டிகல் வசதி இல்லாதவர்கள் ஆர்.சி.ஏ. வழியில், கம்பித் தொடர்பை அறுத்து ஒலியை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். எல்லாக் கேபிள்களையும் உருவிய பிறகும் ஆம்பிளிஃபயர் தானாகவே 100 ஹெர்ட்ஸில் இரைந்தால், அது மின்வழங்கியின் கெப்பாசிட்டர் காய்ந்ததன் அடையாளம். பிளக்கை எடுத்த பின்னும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் தயவுசெய்து நீங்களே திறக்காதீர்கள்.

பெரியவரின் பிளக்கில் எர்த்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றும் வரை பெட்டி என் கடையிலேயே இருக்கும். உங்கள் பிளக்கிலும் யாராவது கை வைத்திருந்தால் கொண்டு வாருங்கள். மீட்டரில் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும், அதற்கு நான் வெள்ளி வாங்குவதில்லை.