நரம்புப் பன்மை: சொல்லும் அதைக் கேட்டு வாங்கியவர்களும்

குன்னூர் ஸ்டேஷனில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் நீராவி ரயிலுக்காக நிற்கும்போது, அது வருவது எல்லோருக்கும் முன்னால் என் அக்கா மகனுக்குத்தான் தெரியும். பன்னிரண்டு வயது. இரண்டு கைகளையும் தோளருகே தூக்கி விரல்களை வேகமாக அசைப்பான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்கள் காதில் சத்தம் விழும். ரயில் வளைவைத் தாண்டியதும் விசிலுக்கு முன்பே காதைப் பொத்திக்கொள்வான். வண்டி நின்றபின் கையை எடுத்துவிட்டு, தண்டவாளத்துக்கு நடுவே, ஏற்றத்தில் வண்டி பிடித்து ஏறுவதற்காக இருக்கும் பல்வரிசையைக் குனிந்து பார்ப்பான். கல்லாறிலிருந்து இங்கே வரைதான் அந்தப் பல்வரிசை, இங்கிருந்து ஊட்டிக்கு டீசல் இன்ஜின். இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அவனுக்கு ஆட்டிசம். அதற்கான சான்றிதழுக்காக அக்கா வாங்கி வந்த ஒரு படிவத்தில் அவனைக் குறிக்க இருந்த சொல், 'புற உலகச் சிந்தனையற்றவர்'. அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இவனுக்காடா வெளியுலகம் தெரியல?" என்று கேட்டாள். அன்றிலிருந்து இந்தச் சொற்களைத் துருவிக்கொண்டிருக்கிறேன். தலைப்பில் இருக்கும் 'நரம்புப் பன்மை', மனிதர்களின் மூளையும் நரம்பும் ஒரே மாதிரி அல்ல, பலவிதம் என்பதற்கு நான் வைத்துக்கொண்ட சொல்.

'ஆட்டிசம்' என்ற சொல்லின் வேர் கிரேக்கம். 'ஆட்டோஸ்' என்றால் தான், தன். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் 1911-இல் மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றி எழுதும்போது, வெளியுலகை விட்டுத் தனக்குள் ஒதுங்கும் நிலையைக் குறிக்க இதைப் பயன்படுத்தினார். அதாவது, சொல் பிறந்தபோது இந்தக் குழந்தைகள் அதன் பொருளில் இல்லவே இல்லை. மருத்துவர் லியோ கானர் 1943-இல் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும், ஹன்ஸ் அஸ்பெர்கர் 1944-இல் வியன்னாவில் எழுதியதும்தான் அதை இவர்கள்மேல் நிலைநிறுத்தின. இருவருக்கும் முன்பே, 1925-இல், குரூன்யா சுகரேவா என்ற சோவியத் மருத்துவர் இப்படிப்பட்ட சிறுவர்களைத் துல்லியமாக விவரித்திருந்தார். அவர் பெயரை நெடுங்காலம் யாரும் சொல்லவில்லை.

நம் மொழிபெயர்ப்புகள் ப்ளாய்லரின் அந்தப் பழைய பொருளையே பிடித்துக்கொண்டன. 'புற உலகச் சிந்தனையற்றோர்' அப்படி வந்ததுதான். 'மதியிறுக்கம்' இன்னொன்று. மதி என்றால் அறிவு, அது இறுகிப்போனதாம். கேட்க இலக்கணமாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. ஆட்டிசம் என்பது அறிவின் அளவைப் பற்றியதே அல்ல. புலன்கள் வாங்கும் விதம், கவனம் போகும் பாதை, பேச்சும் பழக்கமும் நடக்கும் முறை எல்லாம் பிறவியிலேயே வேறாக இருப்பது அது. இந்த இரண்டு சொற்களையும் கைவிடலாம் என்பது என் முடிவு. 'ஆட்டிசம்' போதும். அப்புறம், செய்தித்தாள்களில் தவறாமல் வரும் 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட' என்ற தொடர். இடதுகைப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர் என்று நாம் யாரையும் எழுதுவதில்லையே.

வெளியிலிருந்து பார்ப்பவர் பெயர் வைப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. இங்குள்ள பழங்குடியினர் ஒரு பிரிவினரை நாம் தோடர் என்கிறோம். அவர்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் சொல் 'ஓள்'. நம்முடைய 'ஆள்' என்ற சொல்லின் உடன்பிறப்பு அது. வேறு அடைமொழி கிடையாது, வெறும் ஆள்.

ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்ளத் தொடங்கியது 1990-களில். ஜிம் சின்க்ளேரும் வேறு சிலரும் 1992-இல் ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மறு வருடம் டொரன்டோ மாநாட்டில் பெற்றோர்கள் முன்னால் சின்க்ளேர் பேசியதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள்'. நீங்கள் எதிர்பார்த்த குழந்தை வரவில்லை என்ற துயரம் உங்களுக்கு இருக்கலாம், அது உண்மைதான், ஆனால் அதை உங்கள் எதிரே உயிரோடு நிற்கும் பிள்ளைமேல் இறக்கிவைக்காதீர்கள், அவனுக்கு நீங்கள் வேண்டும் என்பது அதன் சாரம். இதைப் படித்தபோது எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. விஷயம் தெரிந்த வாரத்தில் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டு அக்காமார்கள் வந்து உட்கார்ந்தார்கள். குரலைத் தாழ்த்தி, தலையை ஆட்டி, அக்கா கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அது துக்கம் விசாரிக்கும் முறை. பையன் அதே அறையில் தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ எஸ்டேட்டுக்கு இலை பறிக்கப் போயிட்ட, புள்ள தனியா கெடந்துச்சு, அதான்" என்று ஒரு பாட்டி சொன்னதையும் அக்கா இன்னும் மறக்கவில்லை. தாயின் அன்பு போதாமல்தான் ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் ப்ரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் புத்தகமே எழுதினார். அதற்கு மூன்று வருடம் முன்பே, ஆட்டிசம் உள்ள பையனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட், இது உயிரியல் சார்ந்தது, தாயின் குற்றமல்ல என்று எழுதிவிட்டார். பெட்டல்ஹைம் சொன்னது இன்று ஆய்வுலகில் செல்லாக்காசு. எஸ்டேட் லைனில்தான் இன்னும் செலாவணியில் இருக்கிறது.

சின்க்ளேரின் அமைப்பு 1996-இல் தங்கள் ஆட்களுக்கென்று ஒரு கூடுகை நடத்தத் தொடங்கியது. அங்கே உருவான ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லோரும் நிற அட்டை அணிந்துகொள்ளலாம். சிவப்பு என்றால் இப்போது யாரும் என்னிடம் பேச வேண்டாம். மஞ்சள் என்றால் எனக்குத் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். பச்சை என்றால் எனக்குப் பேச ஆசை, ஆனால் தொடங்கத் தெரியாது, நீங்கள் வாருங்கள். எங்கள் வீட்டில் இதைப் பழைய காலண்டர் அட்டையில் செய்து வைத்திருக்கிறோம். இப்போது அக்காவும் சில நாள் மாலை சிவப்பு அட்டையை எடுத்துக்கொள்கிறாள்.

சரி, தலைப்புச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'நியூரோடைவர்சிட்டி'. ஆஸ்திரேலியாவில் ஜூடி சிங்கர் 1998-இல் தன் பட்ட ஆய்வேட்டில் எழுதினார், அதே வருடம் அமெரிக்க இதழாளர் ஹார்வி ப்ளூம் அச்சில் எழுதினார். ஆனால் இருவருக்கும் முன்பே ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டதில் இந்தக் கருத்து உருவாகியிருந்தது, இது பலர் சேர்ந்து செய்த சொல் என்று மோனிக் போத்தா முதலான ஆய்வாளர்கள் 2024-இல் திருத்தம் எழுதினார்கள். அது நியாயமான திருத்தம்.

இந்தச் சொல் 'பயோடைவர்சிட்டி'யைப் பார்த்துச் செய்தது. அதற்குத் தமிழில் பல்லுயிரியம், உயிர்ப்பன்மை என்றெல்லாம் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லை உலகம் பரவலாகக் கேட்கத் தொடங்கியது 1986-இல் வாஷிங்டனில் நடந்த ஒரு கருத்தரங்கிலிருந்து. நம் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டதும் அதே 1986-இல். எனவே இந்த மலைக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். இந்த மலையின் இயற்கைக் காடான சோலையில் மரங்கள் குட்டையாக, கோணலாக, பாசி பிடித்து நிற்கும். விறகும் பலகையும் தேடிய வெள்ளைக்காரர்கள் கண்ணுக்கு அது மரமாகவே படவில்லை. நேராக, வேகமாக வளரும் சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) புல்வெளியெல்லாம் நட்டார்கள். மரம் என்றால் இப்படித்தான் என்று ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டதன் பலனை இன்றும் வனத்துறை சீகையைப் பிடுங்கிக்கொண்டே அனுபவிக்கிறது.

தமிழில் இப்போது அதிகம் புழங்குவது 'நரம்பியல் பன்முகத்தன்மை'. எனக்கு அதில் இரண்டு குறை. 'இயல்' என்றால் துறை. நரம்பியல் மருத்துவரின் துறை. ஆட்டிசம் உள்ளவர்களோ மருத்துவரின் அறையிலிருந்து சொல்லை வெளியே எடுத்து வந்தவர்கள். 'பன்முகம்' என்றால் ஒன்றுக்கே பல முகம் இருக்கலாம். 'பன்மை' அப்படியல்ல. ஒருமை, பன்மை என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம், தனி ஒருவர் பன்மை ஆக முடியாது. ஆங்கிலத்தில் ஒரு தனி ஆளைப் பார்த்து 'நியூரோடைவர்ஸ்' என்று சொல்லும் தவறு ஓயாமல் நடக்கிறது. ஒற்றை மரம் பல்லுயிரியம் ஆகாது, சோலைதான் பல்லுயிரியம். அதுபோல என் அக்கா மகனும், நானும், அந்தப் பாட்டியும் சேர்ந்ததுதான் பன்மை. பெரும்பான்மை வழக்கிலிருந்து விலகிய தனி ஆளைச் சொல்ல, செயற்பாட்டாளர் காசியன் அசசுமாசு 2000-ஆம் ஆண்டு வாக்கில் 'நியூரோடைவர்ஜென்ட்' என்ற சொல்லை உருவாக்கினார். 'நரம்பு வேறுபட்டவர்' என்று அதைச் சொல்லலாம்.

நரம்பு என்றதும் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் நரம்புத் தளர்ச்சி விளம்பரம்தான் நினைவுக்கு வருகிறது என்றார் ஆசிரிய நண்பர் ஒருவர். அதற்காக ஒரு நல்ல சொல்லை விட்டுவிட வேண்டியதில்லை. பழந்தமிழில் நரம்பு என்றால் யாழின் தந்தி, அந்தத் தந்தி எழுப்பும் சுரமும்கூட. எல்லா நரம்பையும் ஒரே சுருதிக்கு இழுத்துக் கட்டினால் பண் வராது. ஆகவே 'நரம்புப் பன்மை' என்றே எழுதுகிறேன்.

பன்மை என்று சொன்னதால் கஷ்டம் இல்லை என்று பொருளல்ல. என் அக்கா மகனுக்குத் தனியாக ரோடு கடக்கத் தெரியாது, நெடுங்காலம் துணை வேண்டும். உதவியைப் பரிதாபத்திலிருந்து பிரித்து உரிமையாகக் கேட்டதுதான் இந்த இயக்கம் செய்தது. நம் நாட்டின் 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது, 2016 சட்டத்தின் 21 வகைகளில் இடம்பெற்றது.

தனக்காகத் தானே பேசுவதைச் சொல்லும் 'செல்ஃப் அட்வகசி'க்குத்தான் இன்னும் நல்ல தமிழ் அமையவில்லை. 'சுய பரிந்துரை' என்று எழுதுகிறார்கள். பரிந்துரை என்றால் பரிந்து உரைப்பது, ஒருவர்மேல் இரங்கிப் பேசுவது. ஆட்டிசம் உள்ள ஆரி நேமனும் ஸ்காட் ராபர்ட்சனும் 2006-இல் அமெரிக்காவில் தங்களுக்கான ஓர் அமைப்பு தொடங்கியது இரக்கம் கேட்க அல்ல. மறு வருடம் நியூயார்க்கில் ஒரு மருத்துவ மையம், ஆட்டிசத்தைக் குழந்தை கடத்துபவனாகக் காட்டி விளம்பரம் வைத்தது. இவர்கள் கையெழுத்துத் திரட்டி எதிர்க்க, சில வாரங்களிலேயே அது இறக்கப்பட்டது. எனவே 'தன்குரல்' என்று சொல்லிப் பார்க்கிறேன். வாயால் பேசாதவர்களுக்குக் குரல் ஏது என்று கேட்கலாம். ஆட்டிசம் உள்ள அமெரிக்கரான மெல் பாக்ஸ் 2007-இல் வெளியிட்ட காணொளியில் வாயால் ஒரு சொல்கூடப் பேசவில்லை. தட்டச்சு செய்ததைக் கணினி வாசித்தது. குரல் கொடுப்பது என்று தமிழில் நாம் சொல்வதும் தொண்டையைப் பற்றியது மட்டுமல்லவே.

போன மாதம் பள்ளியில் 'என்னைப் பற்றி' எழுதிவரச் சொன்னார்கள். டேப்லெட்டில் அவனே தட்டினான். "எனக்கு ஆட்டிசம். விசில் வேண்டாம். ரயில் வேண்டும்." நரம்புப் பன்மை என்ற என் சொல்லைக் காட்டிக் கேட்டேன். ஒருமுறை வாசித்துவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த மூன்று வரியையே அச்செடுத்துக் கொடுத்தனுப்பினோம்.