ரீமேக்: மறுவாக்கமா, மீள்தழுவலா?

பழைய அறிவியல் புனைகதை நாவல் வரிசை ஒன்று மறுபடியும் படமாகிறது என்று செய்தி வந்தால் போதும், உடனே அதை ‘ரீமேக்’ என்று எழுதிவிடுகிறோம். டெனி வில்னுவ் 2021-இல் ‘டியூன்’ எடுத்தபோதும் இதேதான் நடந்தது. 1984-இல் டேவிட் லிஞ்ச் அதே பெயரில் ஒரு படம் எடுத்திருந்தார், ஆகவே இது அதன் ரீமேக் என்று பலரும் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். அது ரீமேக் இல்லை. பெயர் மாறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். படத்தை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதை அந்தப் பெயர்தான் முடிவு செய்கிறது. ரீமேக் என்றால் பழைய படத்தோடு ஒப்பிடுவோம். நாவலின் தழுவல் என்றால் நாவலோடு ஒப்பிடுவோம். இரண்டிலும் கிடைக்கும் தீர்ப்பு வேறு வேறு.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தில் ‘ரீ’ என்பது லத்தீனிலிருந்து வந்த முன்னொட்டு, ‘மறுபடி’, ‘திரும்ப’ என்று இரண்டு பொருளும் அதற்கு உண்டு. ‘மேக்’ அந்த மொழியின் சொந்தப் பழஞ்சொல், செய்தல் என்று பொருள். இரண்டும் சேர்ந்த வினைச்சொல் 17-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது, அப்போது திரும்பச் செய்தல் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. சினிமா வந்த பிறகுதான், ஏற்கெனவே வந்த ஒரு படத்தைத் திரும்ப எடுப்பது என்ற தனிப்பொருள் அதற்குக் கிடைத்தது. தமிழுக்கு வந்தபோது அது இன்னும் சுருங்கியது. நம் திரையுலகில் ரீமேக் என்றால் பெரும்பாலும் வேறு மொழியில் ஓடிய படத்தின் உரிமையை வாங்கி, காட்சிக்குக் காட்சி தமிழில் எடுப்பதுதான். அந்தப் பழக்கத்தோடேயே ஒரு நாவல் சார்ந்த படத்தையும் பார்க்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது ‘டியூன்’ விஷயத்துக்கு வருவோம். ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய நாவல் 1965-இல் புத்தகமாக வந்தது, அதற்கு முன் பத்திரிகையில் தொடராக வந்திருந்தது. 1985 வரை மொத்தம் ஆறு நாவல்கள் எழுதினார், அடுத்த ஆண்டு இறந்துபோனார். லிஞ்ச் எடுத்தது முதல் நாவலை மட்டும்தான், அதையும் முழுதாக 137 நிமிடங்களுக்குள் அடக்கினார். அதில் நாவலில் இல்லாத சில விஷயங்களைச் சேர்த்தார். நாவலில் வரும் விசித்திரமான சண்டைக் கலைக்குப் பதிலாக, குரலின் ஒலியை ஆயுதமாக்கும் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். படத்தின் கடைசியில் பாலைக் கோளான அராக்கிஸில் மழை பெய்ய வைத்தார்.

வில்னுவ் இதைத் திரும்ப எடுத்திருந்தால் அந்தக் கருவியோ அந்த மழையோ ஏதாவது ஒரு வடிவில் வந்திருக்க வேண்டும். இரண்டுமே இல்லை. அவர் லிஞ்ச் சேர்த்ததை எடுக்கவில்லை, ஹெர்பர்ட் எழுதியதைத்தான் எடுத்தார். ஒரு படம் ரீமேக்கா இல்லையா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல சோதனை இதுதான்: முதல் படம் புதிதாகக் கொண்டுவந்த ஒன்று, மூலநாவலில் இல்லாத ஒன்று, இரண்டாம் படத்தில் இருக்கிறதா? சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. நாவலைப் படமாக்கும் உரிமை வேறு, ஒரு படத்தைத் திரும்ப எடுக்கும் உரிமை வேறு. நாவலின் உரிமை மட்டும் கையில் இருப்பவர், முந்தைய படம் சொந்தமாகச் சேர்த்த கற்பனையைத் தன் விருப்பத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? புழக்கத்தில் நிறைய சொற்கள் இருக்கின்றன: மறுஆக்கம், மறுவாக்கம், மீளாக்கம், மீளுருவாக்கம், மறுபடைப்பு. எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஆனால் ‘மறு’வுக்கும் ‘மீள்’ என்பதற்கும் நல்ல வேறுபாடு இருக்கிறது. மறுநாள், மறுபிறவி, மறுபதிப்பு என்று பாருங்கள். ஒன்று முடிந்த பிறகு அடுத்து வருவது மறு. மீள் என்றால் போன இடத்திலிருந்து திரும்பி வருவது, விட்ட இடத்துக்கே போவது. மீட்சி, மீட்பு எல்லாம் அதன் கிளைகள்.

ஒரு படத்தையே மறுபடி எடுத்தால் மறுவாக்கம் என்பது சரியாகப் பொருந்துகிறது. மறு என்பதில் வரும் உகரம் முற்றியலுகரம், அதனால் ஆக்கம் சேரும்போது இடையில் வகரம் வந்து மறுவாக்கம் ஆகிறது. பிரித்து ‘மறு ஆக்கம்’ என்று எழுதினாலும் புரியும், ஆனால் சேர்ந்தே இருந்தால்தான் ஒரே சொல்லாகக் காதில் விழுகிறது. மீளாக்கம் என்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைப் படிக்கும்போது ‘மீளா’ என்ற எதிர்மறைதான் முதலில் கேட்கிறது, மீளாத் துயர் என்பதில் வருவது போல. திரும்ப வரும் ஒன்றுக்கு, திரும்பாதது என்று ஒலிக்கிற பெயர் வேண்டாமே.

நாவலிலிருந்து படம் என்றால் தழுவல். இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆங்கிலத்தில் இதற்கு இணையான சொல்லின் வேர், ஒன்றோடு பொருந்தும்படி சரிசெய்தல் என்ற லத்தீன் சொல். தமிழில் தழுவுதல் என்றால் அணைத்துக்கொள்வது, ஒன்றை ஏற்று அதன் வழி நடப்பது. ‘உலகம் தழீஇயது ஒட்பம்’, அதாவது உலகத்தைத் தழுவிக்கொள்வதே அறிவு, என்று குறள் சொல்வது இந்தத் தழுவலைத்தான். மூலத்தை அணைக்க வேண்டும், ஆனால் அணைப்பவர் வேறு ஆள் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதைப் பற்றி நம் இலக்கண நூல்கள் எப்போதோ யோசித்து வைத்திருக்கின்றன. நன்னூல், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. வழிநூலுக்கு அது சொல்லும் விளக்கத்தைப் படித்தால் திரைப்படத் தழுவலுக்கென்றே எழுதியது போல இருக்கும்:

‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்.’

முன்னவர் நூல் எந்த முடிவைச் சொல்கிறதோ அதோடு முழுக்க ஒத்துப்போக வேண்டும், அதே சமயம் பின்னால் வருபவர் தனக்கு வேண்டிய மாறுதல்களைச் செய்துகொள்ளலாம். கம்பர் இப்படித்தான் எழுதினார். இராவணன் சீதையைத் தொடாமல் குடிலோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துப் போவது வான்மீகத்தில் இல்லாத விகற்பம். அதனால் கம்பரை யாரும் மூலத்தைக் கெடுத்தவர் என்று சொல்லவில்லை.

இந்த அளவுகோலை இரண்டு ‘டியூன்’ படங்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். ஹெர்பர்ட் நாவலின் முடிபு என்ன? மக்கள் மீட்பர் என்று நம்பித் தொழும் ஒரு தலைவன் எவ்வளவு ஆபத்தானவன் என்பதுதான். நாவலின் நாயகனான பால் என்ற இளைஞன் வெல்கிறான், ஆனால் அவன் பெயரால் நடக்கப்போகும் புனிதப் போரை அவனாலேயே தடுக்க முடியவில்லை. 1969-இல் வந்த இரண்டாம் நாவலில், அந்தப் போரில் 6,100 கோடிப் பேர் செத்ததாக அவனே கணக்குச் சொல்கிறான். லிஞ்சின் படமோ அவனை உண்மையான மீட்பனாகவே ஆக்கிவிடுகிறது. அவன் நினைத்ததும் மழை பெய்கிறது, படம் முடிகிறது. அந்தக் கோளின் மணற்புழுக்களுக்குத் தண்ணீரே விஷம் என்பது நாவலின் அடிப்படை விதி, மழை பெய்தால் அந்த உலகமே குலைந்துபோகும். மழை ஒரு சின்ன மாறுதல் போலத் தெரிந்தாலும் அது முடிபையே திருப்பிப் போட்டுவிட்டது.

வில்னுவும் நிறையவே மாற்றினார், சொல்லப்போனால் லிஞ்சை விடத் துணிச்சலாக. நாவலில் பல ஆண்டுகள் ஓடும் கதையைச் சில மாதங்களுக்குள் சுருக்கினார். அதனால் பாலின் தங்கை ஆலியா 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பிறக்கவே இல்லை, தாயின் வயிற்றிலிருந்தபடியே பேசுகிறாள். கதையின் வில்லனான பாரன் ஹார்கோனனை நாவலில் கொல்வது குழந்தை ஆலியா, படத்தில் பால். நாவலில் கடைசிவரை உடன் நிற்கும் அவன் காதலி சானி, படத்தில் அவனை நம்ப மறுத்து விலகிப் போகிறாள். ஆலியா நாவலின் மறக்க முடியாத பாத்திரங்களில் ஒருத்தி, அவளை இழந்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் சானி விலகிப் போவதால் நாவலின் எச்சரிக்கை இன்னும் அழுத்தமாகக் கேட்கிறது. லிஞ்சின் படம் ஆலியாவை வைத்துக்கொண்டு முடிபை விட்டது, வில்னுவின் படம் ஆலியாவை விட்டு முடிபைப் பிடித்துக்கொண்டது. நன்னூல் கணக்கில் வழிநூல் இரண்டாவதுதான். ரீமேக் என்ற பெயரோடு பார்த்தவர்கள், பழைய படத்தில் இருந்த அது எங்கே, இது எங்கே என்று தேடினார்கள், இதைப் பேசவே இடமில்லாமல் போனது.

வழிநூல் எத்தனை விதமாக வரும் என்று தொல்காப்பியம் இன்னொரு பட்டியல் தருகிறது: தொகுத்தல், விரித்தல், இரண்டையும் சேர்த்துச் செய்யும் தொகைவிரி, மொழிபெயர்த்தல். ஒரு பெரிய நாவலை ஒரே படத்தில் அடக்கினால் அது தொகுத்தல். ஒரே நாவலை இரண்டு பாகமாக்கி ஐந்து மணி நேரத்துக்கு மேல் சொன்னால், அதை விரித்தல் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, ஏனென்றால் அப்போதும் நாவலிலிருந்து நிறைய போய்விடுகிறது. உண்மையான விரித்தலுக்கு ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நாவல்களை வைத்து 2021-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரைச் சொல்லலாம், அதில் வரும் குளோன் பேரரசர் பரம்பரை மூலத்தில் கிடையாது. நாம் ரீமேக் என்று சொல்லும் பிறமொழிப் படங்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் நாலாவதாக வருபவை, மொழிபெயர்ப்பு வகை.

அப்புறம், நாவலை இரண்டாம் முறை படமாக்குவதற்குத் தனிச்சொல் வேண்டும். மீள்தழுவல் என்பது என் தேர்வு. மறுதழுவல் என்றும் சிலர் சொல்லலாம், தவறில்லை. ஆனால் இயக்குநர் முந்தைய படத்தைத் தாண்டி நாவலுக்கே திரும்பிப் போகிறார் என்ற செய்தி ‘மீள்’ என்பதில்தான் இருக்கிறது. சோலாரிஸ் நாவல் 1961-இல் வந்தது, 1972-இல் தார்க்கோவ்ஸ்கியும் 2002-இல் சோடர்பெர்கும் அதை எடுத்தார்கள். இவற்றில் சோடர்பெர்கின் படம் மீள்தழுவல்.

சில படங்கள் இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காது. எச். ஜி. வெல்ஸின் ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ 1898-இல் வந்த நாவல். அதில் செவ்வாய்வாசிகள் முக்காலி போன்ற மூன்றுகால் இயந்திரங்களில் வருவார்கள். 1953-இல் வந்த படம் அதை மாற்றி மிதக்கும் வாகனங்களாக்கியது. 2005-இல் ஸ்பீல்பெர்க் மூன்றுகால் இயந்திரங்களைத் திரும்பக் கொண்டுவந்தார், அந்த வகையில் நாவலுக்கு மீண்டார். ஆனால் 1953 படத்தின் நாயகனையும் நாயகியையும் கடைசிக் காட்சியில் தாத்தா பாட்டியாக நிற்க வைத்து அந்தப் படத்துக்கும் மரியாதை செய்தார். இதற்கும் நன்னூலில் இடம் இருக்கிறது. ‘இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித் திரிபுவேறு உடையது’ சார்புநூல். முதல்நூல், வழிநூல் இரண்டோடும் ஒரு பக்கம் ஒத்து, வேறுபாடும் உடையது. சார்புப் படம் என்று சொல்லிப் பார்க்கிறேன், பழகினால் நிற்கும்.

ரீபூட் என்பதையும் இதோடு குழப்ப வேண்டாம். அது கணினியை அணைத்துத் திரும்ப இயக்குவதிலிருந்து சினிமாவுக்கு வந்த சொல். முன்பு வந்த படவரிசையின் கதைத்தொடர்ச்சியை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவது, கணினித் தமிழில் ஏற்கெனவே பழகிய மறுதொடக்கம் இங்கேயும் போதும்.

எந்தச் சொல் போடுவது என்று சந்தேகம் வந்தால் படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வரும் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள், எதை அடிப்படையாகக் கொண்டது என்று எழுதியிருக்கும். நாவல் பெயர் மட்டும் இருந்தால் தழுவல், அதற்கு முன் இன்னொரு தழுவல் வந்திருந்தால் மீள்தழுவல், பழைய படத்தின் பெயர் இருந்தால் மறுவாக்கம். வில்னுவின் மூன்றாம் படத்துக்கு அடிப்படை அந்த 1969 நாவல். அது 2003-இல் மூன்றாம் நாவலோடு சேர்ந்து ஒரு குறுந்தொடராகத் தொலைக்காட்சியில் வந்துவிட்டது, பெரிய திரைக்கு வந்ததில்லை. எனவே அதையும் மீள்தழுவல் என்றே எழுதுவேன். திரைக்கு இது முதல் தழுவல்தானே என்று ஒருவர் வாதிட்டால், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.